கேட்டதும் சொன்னதும்: திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: குடும்பத்தோடு ஒரு நாள் படகில் போய்த் திமிங்கலம் பார்க்கப் போகிறோம். நடுக்கடலில் எதைப் பார்த்துக்கொண்டிருப்பது? எல்லாம் ஒரே தண்ணீராகத்தானே தெரியும்?

பதில்: கொஞ்ச நேரத்துக்கு அப்படித்தான் தெரியும். திமிங்கலம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளும் என்று கேமராவும் கையுமாக நிற்காதீர்கள், அது அமைந்தால் அதிர்ஷ்டம். முதலில் கண்ணில் படுவது அதன் மூச்சுதான். உடம்பு முழுக்க நீருக்குள் இருக்கும், தூரத்தில் வெள்ளையாக ஒன்று எழும்பி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதற்குள் காற்றில் கலைந்துவிடும். பழகிய படகோட்டிகள் அந்த மூச்சின் வடிவத்தை வைத்தே இது இன்னது என்று சொல்லிவிடுவார்கள். நீலத் திமிங்கலத்தின் மூச்சு நெட்டுக்குத்தாக 9 மீட்டர் உயரம் வரை போகும். ஹம்ப்பேக் என்கிற கூன்முதுகுத் திமிங்கலத்துக்குக் குட்டையாக, அகலமாக இருக்கும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூச்சுத்துளை ஒன்றே ஒன்று, அதுவும் தலையின் முன்நுனியில் இடப்பக்கமாக, அதனால் மூச்சும் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்தே வரும், எவ்வளவு தூரத்திலிருந்தும் குழப்பமே இருக்காது. அப்புறம் பறவைகளைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் கூட்டமாகச் சுற்றிச் சுற்றித் தலைகுப்புறப் பாய்ந்தால், கீழிருந்து யாரோ மீன்களை மேலே விரட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ டால்பினாக இருக்கலாம்.

கேள்வி: வாலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டால் அவ்வளவுதானா?

பதில்: வாலை முழுசாகத் தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று பொருள். ஹம்ப்பேக் என்றால் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடும். ஸ்பெர்ம் திமிங்கலம் முக்கால் மணி நேரம்கூடக் காக்க வைக்கும், கணவாய் மீனைத் தேடி அவ்வளவு ஆழம் போகிறது, பாவம். போன இடத்தில், எண்ணெய் ஊற்றிவிட்ட மாதிரி வழவழவென்று ஒரு வட்டம் சிறிது நேரம் நிற்கும், அதைப் பாருங்கள். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வாலின் அடிப்பக்கத்தை எடுங்கள். ஹம்ப்பேக்குகளுக்கு அங்கிருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள்.

கேள்வி: எங்கே போனால் நிச்சயம் பார்க்கலாம்?

பதில்: நிச்சயம் என்று சொல்லி டிக்கெட் விற்பவரை நம்பாதீர்கள். கரைக்குப் பக்கத்திலேயே கடல் திடீரென ஆழமாகும் இடங்களில் வாய்ப்பு அதிகம். நியூசிலாந்தின் கைகோராவில் அப்படியொரு கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஆண்டு முழுக்க உண்டு. நமக்குக் கிட்ட என்றால் இலங்கை: நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸ, அந்தப் பருவம் முடிந்த பிறகு கிழக்கே திருகோணமலை. இலங்கைப் பக்கம் தெரியும் நீலத் திமிங்கலங்கள் மற்ற நீலத் திமிங்கலங்களைப் போலத் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை, இந்த வெதுவெதுப்பான கடலிலேயே காலத்தை ஓட்டிவிடுகின்றன.

கேள்வி: காசு கொடுத்துத்தானே போகிறோம், இன்னும் கிட்டே விடச் சொல்லலாமா?

பதில்: கூடாது. பல நாடுகளில் 100 மீட்டருக்குள் படகைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. துரத்தினால் போதிய மூச்சு வாங்குவதற்குள்ளேயே அது மூழ்கிவிடும், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. தள்ளி நின்று, பொறுமையாக இருக்கும் படகோட்டிதான் நல்ல படகோட்டி. அதுவாகவே கிட்டே வந்தால் வேறு கதை, டால்பின்கள் படகின் முன்னால் எழும் அலையில் சவாரி செய்ய அவையாகவே ஓடி வரும். முன்பக்கம் போய் எட்டிப் பாருங்கள், ஓடுகிற ஓட்டத்திலேயே ஒருக்களித்துத் திரும்பி அதுவும் உங்களைப் பார்க்கும்.

கேள்வி: எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். நான் வரலாமா?

பதில்: வரலாம். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளத்தில், படகின் நடுவில். போனைக் குனிந்து பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள், பைனாகுலரையும் விட்டு விட்டுப் பயன்படுத்துங்கள். அப்படியும் வந்தே தீரும் என்றால், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் போய்க் குனியுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவர் அன்றைக்குத் திமிங்கலத்தை மறந்துவிட்டு உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.