அம்மப்பாவின் தந்தப்பிடித் தடியை லண்டனுக்கு அனுப்பலாமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவின் ஆட்டைத்திவசம் முடிந்து வீட்டை ஒதுக்கியபோது, றங்குப்பெட்டிக்குள் அம்மப்பாவின் சாமான்கள் அகப்பட்டனவாம். தந்தப்பிடி போட்ட ஒரு கைத்தடி, தந்தத்தில் கடைந்த குங்குமச் சிமிழ், கறுத்துப்போன ஒரு கொம்புக் கிண்ணம், ஆனைமுடி வைத்துக் கட்டிய ஒரு மோதிரம். அம்மப்பா மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்து, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னமே பென்சனோடு ஊர் திரும்பியவர். லண்டனில் இருக்கும் தங்கை தடியையும் சிமிழையும் அங்கே நல்ல விலைக்கு விற்கலாம் என்கிறாராம், டொரொன்டோவில் இருக்கும் தம்பிக்குக் கிண்ணம் ஞாபகத்துக்கு வேண்டுமாம். இதற்கிடையில் படத்தை எங்கேயோ பார்த்த ஒருவர், அது காண்டாமிருகக் கொம்பு, கேட்ட காசு தருகிறேன், கொழும்புக்குக் கொண்டு வாருங்கள் என்று வட்ஸ்அப்பில் விடாமல் கேட்கிறாராம். “எங்கள் வீட்டுச் சாமான், நூறு வருடப் பழசு, விற்பதில் என்ன பிழை?” என்பது அவருடைய கேள்வி.

முதலில் அந்த வட்ஸ்அப் ஆளுக்குப் பதில் போடுவதை நிறுத்துங்கள். விலை கேட்காதீர்கள், “யோசித்துச் சொல்கிறேன்” என்றுகூட எழுதாதீர்கள், படம் இனி ஒருவருக்கும் போக வேண்டாம். அவர் உண்மையான வியாபாரியாக இருந்தால் நீங்கள் ஒரு குற்றத்தின் மறுபக்கமாகிவிடுவீர்கள். அவர் மாறுவேடத்தில் பொருள் வாங்க வரும் அதிகாரியாக இருந்தால் அன்றைக்கே நீதவான் முன் நிற்க வேண்டி வரும். யானைத் தந்தத்துக்குள் கிடைப்பதாகச் சொல்லும் கஜமுத்தை விற்க வந்தவர்கள் கைது, வலம்புரிச் சங்கோடு பிடிபட்டார்கள் என்று பத்திரிகையில் அடிக்கடி வாசிக்கிறோமே, அவற்றில் பல இப்படித்தான் நடக்கின்றன. கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டு போவதும் அப்படியே. கைப்பையில் தந்தத்தோடு, ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்கப் போகும் ஆளுக்கு “இது என் அம்மப்பாவுடையது” என்ற சொல் அந்த இடத்தில் கைகொடுக்காது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். வீட்டில் பரம்பரையாக ஒரு பொருள் இருப்பது ஒரு விஷயம், அதை விற்பது வேறு, நாட்டை விட்டு வெளியே கொண்டு போவது இன்னும் வேறு. இந்த மூன்றையும் நம் ஆட்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தொல்லை வருகிறது.

எல்லை தாண்டுவதைப் பற்றிய பெரிய சட்டம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரத்துக்கான சைட்டிஸ் எனப்படும் சர்வதேச உடன்படிக்கை. 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979 இல் சேர்ந்தது. அதன் முதலாவது பட்டியலில் இருக்கும் உயிரினங்களை, அவற்றின் எந்தப் பாகத்தையும், வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டு போகக் கூடாது. ஆசிய யானை தொடக்கத்திலிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறது. காண்டாமிருக இனங்கள் எல்லாமே 1977 க்குள் அதற்குள் வந்துவிட்டன, பிற்பாடு தென்னாபிரிக்கா போன்ற சில இடங்களின் வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு மட்டும் வரையறுத்த தளர்வு கொடுத்தார்கள், அதிலும் கொம்பு வியாபாரம் இல்லை. ஆபிரிக்க யானையை முதலாம் பட்டியலுக்கு ஏற்றும் முடிவு 1989 இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் எடுக்கப்பட்டு 1990 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ‘எந்தப் பாகமும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள், ஆனைமுடி மோதிரமும் அதற்குள் அடங்கும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கலியாண வீட்டுக்கு வந்து பாரிஸ் திரும்பிய ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனைக்கு வந்தது. தகப்பனின் விரலில் இருந்த ஆனைமுடி மோதிரத்தை விமான நிலையத்தில் கண்டுவிட்டார்கள். மனிதர் அதைத் திருஷ்டிக்காகப் போட்டவர், மறைக்கவும் இல்லை. பிளைட் போய்விட்டது, பிள்ளைகள் கதிரையில் நித்திரையாகிப் போனார்கள், பிறகு மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. கடைசியில் அது யானைமுடியா நைலோனா என்பதே சந்தேகம் என்றாகியது, ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே அந்த மோதிரத்தை லண்டனுக்கோ டொரொன்டோவுக்கோ ஒருவரும் விரலில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

பழைய பொருளுக்கு விலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உடன்படிக்கை நடைமுறைக்கு வருமுன் பெறப்பட்ட பொருள் என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அதிகாரசபை சான்றிதழ் கொடுத்தால் அதைக் கொண்டு போக வழி உண்டு. இங்கே அந்த அதிகாரசபை பத்தரமுல்லையில் இருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஆனால் நீங்கள் “நூறு வருடப் பழசு” என்று சொல்வது போதாது, அதைக் காட்ட வேண்டும். “சொந்தப் பாவனைப் பொருள்தானே, பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போகலாம்” என்று தங்கைக்கு யாராவது சொல்லியிருந்தால் அது பிழை. முதலாம் பட்டியல் பொருளை, தான் வசிக்கும் நாட்டுக்கு வெளியே பெற்று, வசிக்கும் நாட்டுக்குக் கொண்டு போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. லண்டனில் வசிப்பவர் கோண்டாவிலில் இருந்து எடுத்துப் போவது அச்சொட்டாக அந்த நிலைதான்.

அதற்கு மேல் நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அடிப்படை, 2009 இல் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். அனுமதியில்லாமல் விலங்குகளின் பாகங்களை ஏற்றுமதி செய்ய முடியாது. பொருள் உண்மையிலேயே மிகப் பழையதென்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும், 1988 ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் அங்கே விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். இந்தியாவில் யானைத் தந்த வியாபாரம் 1986 இலேயே தடை, ஆபிரிக்கத் தந்தத்துக்கும் 1991 இல் கதவை மூடிவிட்டார்கள்.

இனி லண்டன் விஷயம். பிரித்தானியாவின் தந்தச் சட்டம் 2018 இல் நிறைவேறி, 2022 ஜூன் 6 முதல் அமலில் இருக்கிறது. வைத்திருப்பதையோ பிள்ளைக்குக் கொடுப்பதையோ அது தடுக்கவில்லை, வாங்குவதையும் விற்பதையும் வாடகைக்குக் கொடுப்பதையும் தடுக்கிறது. மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. விலக்குகள் சில உண்டு. 1947 மார்ச் 3 க்கு முன் செய்யப்பட்டு, கனவளவில் பத்து வீதத்துக்குக் குறைவாகத் தந்தம் உள்ள பொருளை 20 பவுண் கட்டிப் பதிந்து விற்கலாம். உங்கள் தடியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மெல்லிய பிரம்புத் தடி, அதன் தலையில் உள்ளங்கை நிறையும் தந்தக் குமிழ் என்றால் அது பத்து வீதத்தைத் தாண்டிவிடும். சின்னப் பூணாக இருந்தால் ஒருவேளை தப்பும். சிமிழ் முழுக்கவே தந்தம், ஆகவே அது 1918 க்கு முந்தியதாகவும், கலை, கலாசார அல்லது வரலாற்றுப் பெறுமதியில் மிக உயர்ந்ததாகவும் இருந்தால்தான் 250 பவுண் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே பொருத்தம். உங்கள் வீட்டில் எத்தனை அருமையாக இருந்தாலும், பூசையறையில் குங்குமம் வைத்த ஒரு சிமிழ் அங்கே அந்தத் தரத்தில் தேறுவது கடினம். இதெல்லாம் பொருள் அங்கே சட்டப்படி போய்ச் சேர்ந்த பிறகுதான், அதற்கு முன் இங்கிருந்து ஏற்றுமதிப் பத்திரமும் அங்கிருந்து இறக்குமதி அனுமதியும் வேண்டும். இணையத்தில் போடலாம் என்றால் ஈபே 2009 இலிருந்தே தந்தத்தை ஏற்பதில்லை.

கனடா வேறு மாதிரி. 2024 ஜனவரி 8 முதல், கடையாத தந்தத்தையும் காண்டாமிருகக் கொம்பையும் கொண்டுவருவதற்கு அங்கே தடை, சில விலக்குகள் தவிர. கடைந்து செய்த வீட்டுச் சாமானுக்கும், ஞாபகப் பொருளுக்கும்கூட இப்போது அனுமதிப்பத்திரம் வேண்டும். தம்பிக்குப் பார்சலில் போடுகிறேன் என்று நினைக்கவே வேண்டாம்.

இவ்வளவு கெடுபிடி ஏன், நாங்கள் ஒரு யானையையும் கொல்லவில்லையே என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான ஆதங்கம். ஆனால் தந்தத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஒருவருக்கு அது 1920 இல் வெட்டியதா போன வருடம் வெட்டியதா என்று தெரியாது. புதுத் தந்தத்தைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு, புகை காட்டிப் பழசாக்குகிறார்கள். பழைய தந்தத்துக்கு ஒரு சந்தை திறந்திருந்தால் புதுத் தந்தம் அதே வாசலால் நுழையும். 2012 இல் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து டுபாய்க்குப் போகவிருந்த 359 தந்தங்கள், ஏறக்குறைய ஒன்றரைத் தொன், கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்டன. 2016 ஜனவரி 26 அன்று காலிமுகத்திடலில் அவற்றை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள், தெற்காசியாவில் அப்படி நடந்தது அதுதான் முதல்தடவை என்று அப்போது சொன்னார்கள். நம் நாட்டு யானைகளில் ஆணுக்கும்கூடப் பெரும்பாலும் தந்தம் இல்லை, கொம்பன்கள் நூற்றுக்கு ஒரு சில. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5,879 யானைகள்தான். கல்கமுவவில் தந்தங்கள் குறுக்கே பின்னியிருந்த ஒரு கொம்பனை 2017 இல் கொன்றார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த யானை அது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிலிருந்து யானைகளை ஓட்டிவந்து யாழ்ப்பாணத்தில் விற்றார்கள், அவை கடலேரியைக் கடந்த இடத்துக்குத்தான் இன்றைக்கும் ஆனையிறவு என்று பேர். இன்று அந்த வழியால் போகிறவர்கள் உப்பளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே தந்தமா என்று முதலில் பாருங்கள். ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், பொருள்தான் பாழாகும். தடியின் பிடியில் குறுக்காக வெட்டுப்பட்ட பக்கத்தை வெயிலில் ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். யானைத் தந்தத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, பாய் பின்னியதுபோல் தெரியும். எலும்பாக இருந்தால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கீறல்களும் இருக்கும். கோடுகள் அளந்து போட்டதுபோல் ஒரே சீராக, சமாந்தரமாக ஓடினால் அது செலுலோயிட், அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த போலித் தந்தம்.

கிண்ணத்தைப் பற்றி உங்களுக்கு வேறு பயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். எருமைக் கொம்பு உள்ளே எலும்பு இருந்த வெற்றிடத்தோடு வருவது, அதனால் அதில் செய்த கிண்ணத்துக்கு அடித்தட்டைத் தனியாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். காண்டாமிருகக் கொம்பு முழுக்கக் கட்டி, குடைந்தெடுத்த கிண்ணத்தில் அடியும் சுவரும் ஒரே துண்டு. டோர்ச் அடித்து அடியைப் பாருங்கள். நெருக்கமாகக் கட்டிய மயிர்க்கற்றையை அறுத்ததுபோல் புள்ளி புள்ளியாக இருந்தால் கவனம், வெங்காயம்போல் படை படையாக இருந்தால் எருமை. நீங்கள் அனுப்பிய விவரத்தில் “அடியில் ஒரு வளையம்போல் இணைப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் பெரும்பாலும் எருமைக் கொம்புதான். விஷம் ஊற்றினால் நுரைக்கும், காய்ச்சல் தணிக்கும் என்று சொல்லப்பட்டதெல்லாம் நம்பிக்கை மட்டுமே. அந்தக் கொம்பு நம் நகமும் மயிரும் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின். அந்த நம்பிக்கைக்காகவும் கொன்று தீர்த்து, சுமத்திராக் காண்டாமிருகம் மலேசியாவில் 2019 நவம்பரோடு முடிந்துபோனது. கடைசியாக இருந்த பெண் காண்டாமிருகம் அந்நாட்டின் சபா மாநிலத்தில் இறந்தது, பேர் ஈமான். அம்மப்பா வேலை பார்த்த மலாயாக் காட்டில் அந்த விலங்கு அவர் காலத்தில் திரிந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு பொருளையும் வீட்டை விட்டு வெளியே எடுக்காமல், ஒவ்வொன்றையும் அடிமட்டம் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எப்படிக் கிடைத்தது, யாருடையது, எந்த வருடத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்று ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள், தெரிந்த வயதானவர் ஒருவர் இருந்தால் அவரிடமும் ஒன்று வாங்குங்கள். பிறகு ஒரு சட்டத்தரணி மூலம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, வைத்திருக்கலாமா, எந்த நிபந்தனையோடு என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். தாமாக அறிவித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் உள்ள வித்தியாசம் நீதிமன்றத்தில் பெரிது. முழுத் தந்தம் ஏதாவது வீட்டில் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் சட்டத்தரணியிடம் போங்கள். தங்கையும் தம்பியும் சம்மதித்தால், திணைக்களத்தின் ஒப்புதலோடு ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதையும் யோசிக்கலாம். எனக்குக் கேட்டால், தடியும் சிமிழும் அந்த வீட்டிலேயே இருப்பதுதான் அழகு.

அப்புறம் ஒன்று. மலாயா போய் வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் ஸ்டூடியோவில் கோட்டுப் போட்டு, கதிரையில் இருந்து ஒரு படம் எடுத்திருப்பார்கள். சுவரில் அம்மப்பாவின் அப்படி ஒரு படம் தொங்கினால், கையில் அந்தத் தடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிறேமைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் வருடமும் அங்கே இருந்தால், அதைவிட நல்ல அத்தாட்சி உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. கழற்றும்போது மெதுவாக, பழைய படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.