ஆமை புகுந்த வீடு: பயனீட்டாளர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை முடிந்தால் கைப்பேசி, சைக்கிள் புகார்கள்தான் வழக்கமாக வரும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வால் முளைத்திருக்கிறது. இந்த வாரம் அந்த வளர்ப்புப் பிராணிக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 2 பச்சை ஆமைக்குஞ்சுகள் வாங்கினோம். ஜோடி 15 வெள்ளி (ரிங்கிட்). காய்ந்த இறால் போட்டால் போதும் என்றார் கடைக்காரர். 4 மாதத்தில் ஒன்றுக்குக் கண் வீங்கி மூடிவிட்டது, ஓட்டை அழுத்தினால் அமுங்குகிறது. என்ன சொட்டு மருந்து வாங்கலாம்?
- வாசகி, செந்தூல்

பதில்: சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள் பல உண்டு. ஆமை பார்ப்பார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காய்ந்த இறாலையே தின்று வளரும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்காவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். நீங்கள் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். தவறாகச் சொன்னது விற்றவர். ஆகவே உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

திட்ட யோக்கியதையும் இல்லை. 13 வருடத்துக்கு முன் மகன் அழுதான் என்று இதே சிவப்புக்காது ஆமையை நானும் வாங்கினேன். 50 காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த டப்பாவும் கூட வந்தது. "இவ்வளவுதான் பாஸ், பெரிசாகாது" என்றார் விற்றவர். டப்பாவில் 6 மாதம், வாளியில் ஒரு வருடம், அப்புறம் துணி துவைக்கும் தொட்டி. இப்போது சோற்றுத் தட்டு அகலம். இரவு 2 மணிக்கு நகத்தால் தொட்டியைச் சுரண்டும், தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். தண்ணீர் மாற்றுவது நான்.

இந்தப் "பெரிசாகாது" மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு, கொட்டிவிடுகிறேன். கடையில் இருப்பதெல்லாம் குஞ்சு, அதனால் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். சிவப்புக்காது ஆமையில் பெண் 25 சென்டிமீட்டரைத் தாண்டும், ஒழுங்காக வளர்த்தால் 20, 30 வருடம் இருக்கும். வளரவில்லை என்றால் பட்டினி அல்லது நோய், அது ஒன்றும் ரகம் இல்லை. "மீன் தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்பதும் இதே குடும்பத்துப் பொய்தான். அதையும் நம்பி, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று பண்டாராயா மீன் வாங்கினேன். நகராண்மைக் கழகத்தின் பெயரை வைத்திருக்கிறதே, வேலை செய்யும் என்று நினைத்தேன். அது ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, கழுவியதைவிட அதிகமாக அசுத்தம் செய்தது. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். பிராணிக் கடையில் அந்தத் தாயைத்தான் கண்ணில் காட்டவே மாட்டார்கள். "முழுசாக வளர்ந்தது ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆமையைத் தொட்டால் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

கேள்வி: எங்கள் சுகர் கிளைடர் (அணில் மாதிரி சின்னப் பிராணி) இரவெல்லாம் கத்துகிறது. பக்கத்து வீட்டில் புகார் கொடுத்துவிட்டார்கள். பகலில் விளையாடி இரவில் தூங்கப் பழக்குவது எப்படி?
- வாசகர், செராஸ்

பதில்: முடியாது. ஆந்தையை வாங்கிவிட்டுக் காலை நடைக்குக் கூப்பிடுகிறீர்கள்.

கேள்வி: காக்கட்டீல் கிளிக் குஞ்சு ஒன்றை 380 வெள்ளிக்கு வாங்கினேன். "கையில் ஊட்டி வளர்த்தது, முழு ஆரோக்கியம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தார்கள். வாங்கிய மறுநாளே மூச்சு வாங்கியது, 3ஆம் நாள் இறந்துவிட்டது. வரும்போதே நோய் இருந்திருக்கிறது என்கிறார் மருத்துவர். கடையில் கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரசீதைக் காட்டுகிறார்கள். என் அம்மாவுக்காக வாங்கியது.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அந்த வரி அச்சடித்த மைக்குக்கூடப் பெறாது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் "பொருள்" என்பதற்கான விளக்கத்திலேயே பிராணிகளும் அடக்கம், மீன் உட்பட. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை ரசீதின் மூலையில் ஒரு வரி எழுதி யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 வருடத்துக்குள் கோர வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே பேசலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவரின் எழுத்து அறிக்கை மூன்றையும் எடுத்து வையுங்கள். அறிக்கையை மட்டும் உடனே வாங்கிவிடுங்கள், மற்ற இரண்டும் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. மருத்துவச் செலவையும் சேர்த்தே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கேள்வி: டெலிகிராம் குழுவில் நட்சத்திர ஆமை விற்கிறார்கள், இந்தியாவிலிருந்து வந்ததாம். வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்கிறார் விற்பவர். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பாட்டி பழமொழியைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. இந்த ஆமையை வாங்கினால் அமீனாவும் பின்னாலேயே வருவார், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் சீருடையில்.

இது இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மண்ணின் பிராணி. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏறிவிட்டது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது என்பது அதன் பொருள். ஆனாலும் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே அடுக்கி அனுப்புகிறார்கள், பிடிபடுகிறார்கள், மறுபடி அனுப்புகிறார்கள். வழியில் செத்தது போக மிச்சம்தான் உங்கள் டெலிகிராமில் படமாக வருகிறது. பணம் சேருவது விற்பவருக்கு.

கேள்வி: கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கும் கொங்காங் வீடியோ பார்த்தேன், அவ்வளவு அழகு. எங்கே வாங்கலாம்?
- வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: எங்கேயும் வாங்க முடியாது. அது தமிழ்நாட்டுத் தேவாங்குக்குச் சொந்தக்காரன், இங்கே முழுப் பாதுகாப்பு பெற்ற பிராணி, வைத்திருந்தால் சிறை வரை போகும். அது கையைத் தூக்குவது கூச்சத்தால் என்று யார் சொன்னது? முழங்கைக்குப் பக்கத்தில் விஷம் சுரக்கும் இடம் இருக்கிறது. அதை நக்கி, எச்சிலோடு கலந்து கடிப்பதற்காகத் தூக்குகிறது, பயத்தில். கடிக்காமல் இருக்க வேண்டும் என்று விற்பவர்கள் பல்லை வெட்டிவிடுவதும் உண்டு. இன்னொரு முறை அந்த வீடியோவைப் பாருங்கள்.

கேள்வி: மகளின் 10ஆவது பிறந்தநாளுக்கு ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமை வாங்கினோம். அப்போது உள்ளங்கை அளவு. 2 வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிட்டது. நாங்கள் இருப்பது 14ஆவது மாடி. இன்னும் வளருமா? வாழைப்பழம் மட்டும்தான் விரும்பிச் சாப்பிடுகிறது.
- வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: வளரும். இது உலகின் பெரிய நிலஆமைகளில் ஒன்று, 40 கிலோவைத் தாண்டக்கூடியது. சகாராவின் தெற்கு ஓரத்தில் மண்ணைக் குடைந்து வளை தோண்டி வாழ்வது. அதை 14ஆவது மாடியில் டைல்ஸ் மேல் விட்டிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் கைப்பேசியில் 2 நிமிடம் தேடியிருக்கலாம். இந்தக் கேள்வியை எனக்கு எழுத அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

சரி, வாழைப்பழத்தை நிறுத்துங்கள், புல்லும் கீரையும் கொடுங்கள். வாங்கிய ரசீதும் உரிமமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்கு நீங்களாகவே போய்ப் பேசுங்கள், அவர்கள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கீழே தோட்டம் உள்ள வீட்டுக்குப் போகும் எண்ணம் உண்டென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயிலில் ஒரு வரி சேருங்கள், 70 வருடம் இருக்கக்கூடியது.

கேள்வி: வளர்க்க முடியாத ஆமையை ஆயர் ஈத்தாம் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம்தானே?
- பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: குளத்தில் ஏற்கெனவே கால் வைக்க இடமில்லாமல் ஆமைகள். உங்கள் பாரத்தை இன்னொருவர் குளத்தில் இறக்கிவிட்டு அதற்குப் புண்ணியம் என்று பெயர் வைக்காதீர்கள். ஆற்றிலும் ஏரியிலும் விடுவது இன்னும் மோசம், அங்கே உள்ளூர் ஆமைகளின் இரையைப் பிடுங்கித் தின்னும்.

கேள்வி: ஆமைக்கு யூவிபி பல்பு 18 வெள்ளிக்கும் இருக்கிறது, 120 வெள்ளிக்கும் இருக்கிறது. என்ன வித்தியாசம்?
- வாசகர், கெப்போங்

பதில்: முதலில், வெயில் இலவசம். காலை வெயிலில் ஒதுங்க நிழலும் வைத்து வெளியே விடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது, ஓடு கெட்டிப்படத் தேவையான யூவிபி என்ற புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நல்ல பல்பு வாங்கினாலும், எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கதிர் தேய்ந்துவிடும், பெட்டியில் போட்டிருக்கும் கெடுவுக்குள் மாற்ற வேண்டும். 18 வெள்ளிப் பல்பை நான் வாங்கிப் பார்த்தேன், நீலச் சாயம் பூசிய சாதாரண பல்பு. இப்போது எங்கள் சாமி அறையில் எரிகிறது.