வாசல்களை எண்ணுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது சிறிய ஊர். கடைவீதியை மேம்படுத்துவதற்காக அமைக்கப்பட்டிருக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். வருபவர்கள் ஒரு கடையின் முன் காரை நிறுத்தி, வேண்டியதை வாங்கிக்கொண்டு, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துக் கடைக்குக்கூட நடப்பதில்லை. வீதி முழுக்கப் புதிய கல் பாவி, அலங்கார விளக்குகள் வைத்து, வாகனங்களை அறவே தடுத்துவிட்டால் மக்கள் நடப்பார்கள் என்று குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கடைக்காரர்களோ பயப்படுகிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சு.

அன்புள்ள சு.,

கல்லையும் விளக்கையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, திறந்திருக்கும் வாசல்களை எண்ணிப் பாருங்கள். இயல்பாக நடப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 மீட்டர் கடக்கிறார். கடை முகப்புகள் ஆறு மீட்டர் அகலம் என்றால், ஐந்து வினாடிக்கு ஒரு முறை புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது: ஒரு கதவு, ஒரு சன்னல், உள்ளே தையல் இயந்திரத்தின்மேல் குனிந்திருக்கும் ஒருவர். அதே வீதியில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றுச் சுவரோ வாகன நிறுத்துமிடமோ குறுக்கிட்டால், முக்கால் நிமிடத்துக்குமேல் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. வரைபடத்தில் அது அற்பமான தூரம். நடப்பவருக்கோ வீதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட சுவரை ஒட்டிச் செல்பவர்களைச் சற்று நேரம் கவனியுங்கள். நடையில் வேகம் கூடும், பார்வை தரைக்கு இறங்கும். அடுத்த சன்னல் வந்ததும் கால் தானாகத் தயங்கும். உங்கள் ஊர்க்காரர்கள் நடக்கச் சோம்பல்படுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கடையிலிருந்து அடுத்ததற்கு அவர்களை இழுத்துச் செல்ல இடையில் ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது.

பெருநகரத்தில் எவ்வளவு நீண்ட வீதியையும் நிரப்ப ஆட்கள் இருப்பார்கள். சிற்றூரில் இருக்கும் கடைகளையும் மனிதர்களையும் ஒரு கிலோமீட்டருக்குப் பரப்பினால் எந்த இடமும் வெறிச்சோடித்தான் தெரியும். 300 மீட்டருக்குள் சேர்த்துவிட்டால் அதே மனிதர்கள் கூட்டமாகத் தெரிவார்கள். ஆகவே எந்த 300 மீட்டர் என்பதை உங்கள் குழு முதலில் முடிவு செய்யட்டும். நூலகத்தையும் அஞ்சலகத்தையும், இடம் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஊர் எல்லைக்குக் கொண்டுபோகும் யோசனை எழுந்தால் உறுதியாக எதிர்த்துவிடுங்கள். எதையும் வாங்கும் எண்ணம் இல்லாதவரையும் கடைவீதிக்கு வரவழைப்பவை அவைதாம். கடைகளுக்கு மேலே மாடியில் குடியிருப்பவர்கள் இருப்பதும் மிகப்பெரிய பலம், ஏனெனில் கடையடைத்த பிறகும் வீதியில் சில சன்னல்களில் வெளிச்சம் இருக்கும்.

வாகனத் தடையைப் பொறுத்தவரை அனுபவங்கள் இரண்டு விதமாகவும் இருக்கின்றன. அமெரிக்காவில் கலமசூ நகரம் 1959-இலேயே தன் கடைவீதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது; 1998-இல் அதன் ஒரு பகுதியில் மீண்டும் வாகனங்களை அனுமதித்தது. 1964-இல் அதே வழியில் சென்ற ஃபிரெஸ்னோ, 2017-இல் முழுவதுமாகத் திரும்பி வந்தது. மாறாக, கோபன்ஹேகனில் 1962-இல் மூடப்பட்ட ஸ்ட்ராயெட் வீதி இன்றும் நடப்பவர்களால் நிரம்பியிருக்கிறது. அமெரிக்க நகரங்களில் வாங்குபவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே எழுந்த பெரிய வணிக வளாகங்களுக்குப் பழகிவிட்டார்கள்; மையத்தில் வாகனத்தைத் தடுத்ததால் அந்த இழப்பு ஈடாகவில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்பெயினின் பொந்தெவெத்ரா. எண்பதாயிரம் பேருக்குச் சற்று அதிகமானோர் வாழும் அந்த நகரம், 1999 முதல் மையத்தின் ஊடாகக் கடந்து செல்லும் போக்குவரத்தையும் நிறுத்துமிடம் தேடிச் சுற்றும் வாகனங்களையும் வெளியேற்றியது. குடியிருப்போரையும் சரக்கு இறக்குவோரையும் அல்ல. அத்துடன், எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதைச் சுரங்க ரயில் வரைபடம்போல வரைந்தும் வெளியிட்டது. தூரத்தை நிமிடங்களாகச் சொன்னால் மனம் அதை எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

முழுத்தடைக்குத் துணியாத ஊர் வேகத்தைக் குறைக்கலாம், அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பாமல். தெருமுனையில் நடைபாதையின் ஓரம் அகன்ற வளைவாக இருந்தால் வண்டிகள் வேகம் தணியாமலே திரும்பும், கடக்க வேண்டிய அகலமும் கூடும். அந்த வளைவைச் சிறிதாக்கி, சாலையோரத்தில் வண்டிகள் நிற்கும் அகலத்துக்கு, அதாவது இரண்டு மீட்டருக்கு, நடைபாதையை இருபுறமும் முன்னே நீட்டினால், 14 மீட்டர் சாலை கடப்பவருக்குப் பத்து மீட்டராகிவிடும்; மெல்ல நடக்கும் முதியவருக்கு அது நான்கைந்து வினாடி மிச்சம். நீட்டிய முனைகளுக்கு நடுவே ஓரமாக நிற்கும் கார்களை அப்படியே விட்டுவிடலாம். கார்களை வெறுப்பவர்கள் என்மீது கோபிக்கக்கூடும், ஆனால் அந்த வரிசை நடைபாதைக்கும் ஓடும் வண்டிகளுக்கும் இடையே ஒரு வேலிபோல நிற்கிறது. மரங்கள் அதைவிட நல்ல வேலி, நிழலும் தருவதால்.

கடைக்காரர்களின் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். நிறுத்துமிடத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, வீதியின் பின்பக்கத்தில் ஒரே இடமாக வையுங்கள், அங்கிருந்து வீதிக்கு வரும் சந்தில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். தன் வாசலிலேயே நிறுத்தும் ஒருவரைக் கடைக்காரர் இழக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் பின்னால் நிறுத்திவிட்டு வருபவர் பத்துக் கடைகளைக் கடந்துதான் பதினோராவது கடைக்குப் போகிறார்.

இறுதியாக, உட்காரும் இடம். 1970-களில் நியூயார்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், தனி நாற்காலி கிடைத்தவர்கள் உட்காருமுன் அதைச் சில அங்குலமாவது நகர்த்துவதைக் கண்டார்; சிலர் நகர்த்திய நாற்காலி மறுபடியும் ஏறத்தாழ பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தரையில் பதித்த கல் இருக்கையில் அந்த உரிமை கிடையாது. நாற்காலிகள் காணாமல் போகும் என்று குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஒன்றிரண்டு போகலாம். புதுக் கல்லுக்கு ஒதுக்கியிருக்கும் தொகையில் ஒரு சிறு பங்கைக் கொண்டு இருபது நாற்காலிகள் வாங்கி, அந்த 300 மீட்டருக்குள் நிழல் உள்ள இடங்களில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.