புனம் எரித்துப் பயிரிடுவது: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: காட்டை வெட்டி எரித்தால் மண் எப்படி வளமாகும்?

மண் புதிதாக வளமாவதில்லை. மழைக்காட்டு மண் பல இடங்களில் அமிலம் மிகுந்து சத்துக் குறைந்திருக்கும், சத்தெல்லாம் மரத்திலும் தழையிலும் தேங்கியிருக்கும். மழையில்லாத மாதங்களில் வெட்டி, வாரக்கணக்கில் காயவிட்டு, மழைக்குச் சற்று முன்னால் எரித்தால் பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சாம்பலாக மண்ணில் இறங்கும். அமிலம் தணியும், வேரைக் கெடுக்கும் அலுமினியத்தின் நச்சும் குறையும், மேல்மண்ணில் கிடக்கும் களை விதையில் ஒரு பங்கு வெந்துபோகும். நைட்ரஜன் மட்டும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஒன்று மறக்காதீர்கள்: அடிக்கட்டைகளைப் பிடுங்கவே கூடாது, காடு திரும்பத் துளிர்ப்பது அதிலிருந்துதான்.

கேள்வி: ஒரே இடத்தில் ஏன் தொடர்ந்து விதைப்பதில்லை?

இரண்டு மூன்று வருடத்தில் சாம்பல் சத்து கரைந்துவிடும், களை ஏறிவிடும். பல இடங்களில் முதலில் கையை ஓய வைப்பது களைதான். அப்புறம் 10, 20 வருடம் நிலத்தைச் சும்மா விட வேண்டும்.

கேள்வி: இது காட்டை அழிக்கும் வேலை இல்லையா?

ஓய்வுக்காலம் நீளமாக இருந்தால் இல்லை. 20 வருடம் 4, 5 வருடமாகச் சுருங்கினால் காடு புல்வெளியாகிவிடும், அதுதான் ஆபத்து.

கேள்வி: எரிக்காமல் மக்க வைக்கலாமே?

நல்ல கேள்வி. மத்திய அமெரிக்காவில் புதருக்குள்ளேயே பீன்ஸ் விதையை வீசிவிட்டு, மேலே புதரை வெட்டிச் சாய்த்து மூடாக்காக விடும் முறை உண்டு, தீயே கிடையாது.

கேள்வி: அப்படியானால் எல்லோரும் அதையே செய்யலாமே, ஏன் எரிக்கிறார்கள்?

பீன்ஸுக்குச் சரி, நெல்லுக்குக் கஷ்டம். தடித்த மரக்கட்டை மக்கும்போது மண்ணிலிருக்கும் நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும், அமிலமும் சாம்பல் போட்டதுபோல் உடனே தணியாது. ஆனாலும் இளம் புதர்க்காட்டில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மண் அரிப்பும் குறையும்.

கேள்வி: அறுவடை முடிந்த வயலில் வைக்கோலை எரித்தாலும் அதே பலன்தானே?

இல்லை. அங்கே பல வருடம் சேர்ந்த காடு இல்லை.

கேள்வி: காட்டை அழிப்பதுதானே இது?

மேலே சொல்லிவிட்டேன், ஓய்வுக்காலம் பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சதுப்பு நிலக் கரிமண்ணிலும் (முழுதாக மக்காத தாவரங்கள் சேர்ந்த மண், peat) செய்யலாமா?

கூடவே கூடாது. காய்ந்த கரிமண் தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும்.