முதல் ஈசிஜியும் ட்ரொப்போனினும் நோர்மல் என்றால் வீட்டுக்கு விடலாமே, ஏன் வார்ட்டில் மறிக்கிறார்கள்?

கேட்டவரின் அப்பாவுக்குச் சீனி வருத்தம். விடியப்புறம் நெஞ்சு இறுக்கி, ஒரு மணித்தியாலத்துக்குள் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஈசிஜி நோர்மல், ட்ரொப்போனின் நெகட்டிவ். ‘காஸ்ட்ரிக்தானே, ஏன் மறித்தார்கள்?’ என்பது கேள்வி.

மறித்ததுதான் சரி. ட்ரொப்போனின் என்பது இதயத் தசை சேதப்பட்டால் இரத்தத்தில் கசியும் புரதம். கசிந்து சேர நேரம் எடுக்கும். ஒரு கோடு, இரண்டு கோடு காட்டும் அட்டைச் சோதனையில் தெரிய 4 முதல் 6 மணித்தியாலம்கூடப் போகலாம். புதிய உயர் உணர்திறன் சோதனை சிறிய கசிவையும் பிடிக்கும். அதனால் 1, 2 அல்லது 3 மணித்தியாலத்தில் திரும்ப எடுத்து, ஏற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஏற்ற இறக்கம்தான் முக்கியம். டயலிசிஸ் செய்பவருக்கு மாரடைப்பு இல்லாமலே எண் பெரும்பாலும் கூடித்தான் இருக்கும்.

ஈசிஜியும் அப்படித்தான். வந்து 10 நிமிடத்துக்குள் முதலாவது. நோ நிற்காவிட்டால் 15–30 நிமிடத்துக்கு ஒன்று. வியர்வையைத் துடைக்காமல் ஈசிஜி வயர்களை ஒட்டினால் கோடு அலையும். நெஞ்சின் முன்பக்கம் ஒட்டும் வி1 முதல் வி3 வரையான வயர்களில் எஸ்டி (ஈசிஜி கோட்டில் ஒவ்வொரு துடிப்பின் கூருக்கும் அடுத்து வரும் பகுதி) கீழே இறங்கியிருந்தால், முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வி7, வி8, வி9 வயர்களை ஒட்டிப் பார்க்க வேண்டும். இதயத்தின் பின்சுவர் மாரடைப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். அங்கே எஸ்டி அரை மில்லிமீற்றர் ஏறியிருந்தாலே போதும். இது தவறவிடப்படுவது அதிகம். கீழ்ச்சுவர் மாரடைப்பென்றால் வலப்பக்க நெஞ்சில் வி4ஆர் வயர் ஒட்டி ஈசிஜி எடுக்காமல், நாக்குக்கடியில் ஜிரிஎன் (இரத்தக் குழாயை விரிக்கும் மருந்து) வைக்கக் கூடாது. இதயத்தின் வலது அறையும் பாதிக்கப்பட்டிருந்தால் பிரஷர் விழுந்துவிடும். கடைசி 24 மணித்தியாலத்தில் வயாகரா போட்டவருக்கும் அது கூடாது.

எஸ்டி ஏறியிருந்தால் கதை வேறு. 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைச் சுருள்) வைக்கும் இடத்தில் அடைபட்ட இதய இரத்தக் குழாயைத் திறக்க முடியுமென்றால் அங்கே அனுப்புவார்கள். முடியாதென்றால், தடை எதுவும் இல்லாத பட்சத்தில் 10 நிமிடத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. இதில் இரண்டு வகை. டெனெக்டெப்லேஸ் உடல் நிறையைப் பார்த்து ஒரே தள்ளில் ஏற்றுவது: 60 கிலோவுக்குக் குறைந்தால் 30 மில்லிகிராம், 90க்கு மேல் 50, 75 வயது தாண்டினால் பாதி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 இலட்சம் யூனிற், 30–60 நிமிடம் சொட்டுச் சொட்டாக. முன்பு ஒருமுறை போட்டவருக்குத் திரும்பப் போடுவதில்லை. எஸ்டி ஏறாத மாரடைப்புக்கு இந்த ஊசியே கிடையாது.

ஊசி போட்டதும் வேலை முடிந்ததென்று இருக்கக் கூடாது. 60–90 நிமிடத்தில் ஈசிஜி எடுத்தால் எஸ்டி ஏற்றம் பாதிக்காவது இறங்கியிருக்க வேண்டும். நோ குறைந்தது மட்டும் அத்தாட்சியல்ல. இறங்கவில்லையென்றால் உடனே ஸ்டென்டுக்கு மாற்ற வேண்டும். இறங்கினாலும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அன்ஜியோகிராம் (இதய இரத்தக் குழாய்களின் எக்ஸ்ரே படம்).

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு போகாதீர்கள். ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையென்றால் அஸ்பிரின் 300 மில்லிகிராம், முழுதாக விழுங்காமல் சப்பித் தின்னக் கொடுங்கள். இஞ்சித் தேத்தண்ணி, சோடா என்று அரை மணித்தியாலம் பார்க்க வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சு வாங்குதலும் மட்டும் வரலாம்.

நோ தொடங்கிய நேரத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதி, பழைய ஈசிஜி இருந்தால் அதோடு சேர்த்துக் கொண்டு போங்கள். புதிதாக மாறியது எதுவென்று டொக்டர் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.