பேரனுக்காக ஒரு பிஎச்.டி.

கேள்வி: என் மகளுக்கு லண்டனில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிய ஆய்வு. என் மகன் வீட்டுப் பேரனுக்கு மூன்று வயது. பிறந்ததுமே இந்த நோய்க்காகக் குடலில் ஆபரேஷன் ஆனவன், இன்னமும் மலம் போக அழுகிறான். "இவனைக் குணமாக்கத்தான் போகிறேன்" என்கிறாள். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, திருச்சி.

பதில்: தாராளமாக அனுப்புங்கள், சகோதரி. ஆனால் பேரனின் வைத்தியத்தை அவள் படிப்போடு முடிச்சுப் போடாதீர்கள்.

கரு உருவான நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், குடலை இயக்கும் நரம்புச் செல்கள் மேலிருந்து ஆசனவாய் வரை நகர்ந்து போக வேண்டும். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அவை கடைசிவரை போய்ச் சேர்வதில்லை. அதுதான் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். நரம்பில்லாத அந்தப் பகுதி இறுகியே கிடக்கும், மலம் மேலே தேங்கும். ஆபரேஷனில் அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள்.

விட்டுப்போன நரம்புச் செல்களை, பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்துக் குடலில் வைக்க முடியுமா என்பதுதான் உங்கள் மகளின் துறை. 2016இல் நியூயார்க் ஆய்வாளர்கள் அப்படி வளர்த்த மனிதச் செல்களை, இதே குறை உள்ள எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் பிழைத்தன. லண்டனில், குழந்தைகளிடமிருந்து ஆபரேஷனில் எடுத்த குடல் துண்டுகளிலேயே சோதித்தார்கள். துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு, லேசாக மின்சாரம் கொடுத்து, அது சுருங்குகிறதா என்று திரையில் ஓடும் கோட்டைப் பார்ப்பார்கள். செல் வைத்த துண்டுகள் நன்றாகவே சுருங்கின. எவ்வளவு பெரிய விஷயம் இது!

ஆனால் செல்கள் நிலைத்து நிற்குமா, கட்டியாகிவிடுமா என்று இன்னும் பார்க்க வேண்டும். ஒரு பிஎச்.டி. காலத்தில் முடிகிற வேலையில்லை. "அத்தை மருந்தோடு வருவாள்" என்று வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு சோதனை தவறும்போதும் அந்தப் பெண் உடைந்துபோவாள்.

பேரனை இப்போதே குழந்தைகள் அறுவை நிபுணரிடம் திரும்பக் காட்டுங்கள். தைத்த இடம் குறுகியிருக்கலாம், நரம்பில்லாத பகுதி கொஞ்சம் மிச்சமிருக்கலாம். இரண்டுக்கும் வழி உண்டு. வயிறு உப்பி, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் பேதி போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம், யாராவது இதற்கு ஸ்டெம் செல் ஊசி என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இப்படிப் போடக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) விதி. உங்கள் மகளையே கேளுங்கள், அவளும் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.