இறக்குமதியால் ஆலை மூடப்படுகிறது: அரசு உதவியை நம்பிப் படிப்பில் சேரலாமா?

கேள்வி: அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. இறக்குமதிச் சரக்கின் விலையோடு போட்டியிட முடியவில்லை என்று சொல்லி, வரும் அக்டோபரில் ஆலையை மூடுகிறார்கள். டிசம்பரில் எனக்கு 55 வயது நிறைவடைகிறது. இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்கு அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணம் கொடுத்துப் படிக்கவும் வைக்கும் என்கிறார்கள். அதை நம்பிப் படிப்பில் சேரலாமா? வீட்டுக் கடனுக்கு 401கே எனும், நிறுவனம் வழியான ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா? மகன் கல்லூரியில் படிக்கிறான்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்லும் திட்டம் உண்மையில் இருந்ததுதான். 'டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்ற அத்திட்டம் 1962-ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் தொடங்கி, 1974-இல் விரிவுபெற்றது. பயிற்சியை முடிப்பவர்களுக்கு, வேலையின்மைக் காப்பீட்டையும் சேர்த்து, 130 வாரங்கள் வரை வாராந்தரத் தொகை கிடைத்தது. 50 வயதைக் கடந்தவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், சம்பள வித்தியாசத்தில் பாதியை 10,000 டாலர் வரை அரசு ஈடுசெய்தது. 2003 ஜூலையில் உங்கள் மாநிலத்தின் கன்னாபொலிஸில் பில்லோடெக்ஸ் ஆலைகள் மூடப்பட்டு 4,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தபோது, பலர் கல்லூரி வகுப்புகளில் போய் அமர்வதற்கு இத்திட்டமே கைகொடுத்தது.

ஆனால் நாடாளுமன்றம் நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல், இந்த உதவியைப் பெறத் தேவையான சான்றைப் புதிய தொழிலாளர் குழுக்களுக்கு வழங்குவது நின்றுவிட்டது. அறுபது ஆண்டுகள் இருந்த ஒரு பாதுகாப்பை இப்படிக் காலாவதியாக விட்டது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். சட்டம் மீண்டும் உயிர்பெறும்வரை உங்கள் குடும்பக் கணக்கில் இத்திட்டத்துக்கு ஒரு டாலர்கூட ஒதுக்காதீர்கள்.

இப்போது உள்ளவற்றில் முதலாவது மாநில வேலையின்மைக் காப்பீடு. வேலையை விட்டு நின்ற முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். வேலைநீக்கத்துக்காக நிறுவனம் தரும் பிரிவுத்தொகை வருவதாக இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். வடக்கு கரோலினாவில் இந்தத் தொகை வேலையின்மை விகிதத்துக்கு ஏற்ப 12 முதல் 20 வாரங்கள் வரைதான் கிடைக்கும் என்பதால், 12 வாரங்கள் என்றே கணக்கிடுங்கள். இதற்கு மத்திய வருமான வரியும் உண்டு. விண்ணப்பிக்கும்போதே 10 விழுக்காடு பிடித்தம் செய்யச் சொல்லிவிட்டால் வரித் தாக்கலின்போது திண்டாட வேண்டியிருக்காது. இதைப் பெற்றால் பின்னாளில் குடியுரிமைக்குப் பாதகமாகுமோ என்று நம்மவர்களில் பலர் தயங்குகிறார்கள். இது உழைத்து ஈட்டிய உரிமை, குடிவரவுத் துறை இதை அரசைச் சார்ந்து வாழ்வதாகக் கணக்கிடுவதில்லை. தயங்காமல் வாங்குங்கள்.

படிப்புக்கு, வேலை இழந்தோருக்கான மத்திய நிதியிலிருந்து உங்கள் பகுதியிலுள்ள 'என்சி ஒர்க்ஸ்' என்ற மாநில வேலைவாய்ப்பு மையத்தின் வழியாகப் பயிற்சிக் கட்டணம் கிடைக்கக்கூடும். நிதி வரம்புக்கு உட்பட்டது; அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படும். ஆகவே ஒப்புதல் கையில் வருவதற்கு முன் எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டாதீர்கள். ஓராண்டுக்குள் முடிந்து, உங்கள் வட்டாரத்தில் இப்போதே ஆள் தேடும் தொழிலுக்கு இட்டுச் செல்லும் சான்றிதழ்ப் படிப்பே உங்கள் வயதுக்கும் கையிருப்புக்கும் ஏற்றது என்பது என் கருத்து.

இனி 401கே. 55 வயது நிறைவடையும் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ வேலையிலிருந்து விலகுபவர், அந்த நிறுவனத்தின் 401கே கணக்கிலிருந்து, முன்கூட்டியே எடுப்பதற்கான 10 விழுக்காடு அபராதமின்றிப் பணம் எடுக்கலாம். பிறந்தநாள் டிசம்பரில் வந்தாலும் கணக்கில் கொள்ளப்படுவது ஆண்டுதான். ஆகவே அக்டோபரில் விலகினாலும் இச்சலுகை உங்களுக்கு உண்டு. இதே பணத்தை ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிவிட்டால் இந்த விதி பொருந்தாது, பொதுவாக 59½ வயதுவரை காத்திருக்க வேண்டும். "எல்லாவற்றையும் ஐஆர்ஏ-வுக்கு மாற்றிவிடுங்கள்" என்று தரகர் யாராவது அவசரப்படுத்தினால் உடன்படாதீர்கள். ஆலையோடு 401கே திட்டத்தையே முடித்துக்கொள்ளப் போகிறார்களா, பகுதி பகுதியாக எடுக்க அனுமதி உண்டா என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அபராதம் இல்லை என்றாலும் வருமான வரி உண்டு. ஆகவே வீட்டுக் கடன் வங்கியிடம் முதலில் தவணைச் சலுகை கேளுங்கள். சேமிப்பில் கைவைப்பது அதற்குப் பிறகு, அதுவும் மாதத் தேவைக்கு மட்டும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. 'கோப்ரா' என்ற சட்டத்தின் வழியாக 18 மாதங்கள் பழைய காப்பீட்டையே தொடரலாம் என்பார்கள். நிறுவனம் தன் குழுக் காப்பீட்டையே ரத்து செய்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். காப்பீடு முடிந்த 60 நாட்களுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் பதிவுசெய்துவிட வேண்டும்.

பிரிவுத்தொகைக்காக, வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை நீட்டினால் அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. கூட்டாகப் பணிநீக்கம் செய்யும்போது 40 வயதைக் கடந்தவர்களின் வயதுப் பாகுபாட்டு உரிமை தொடர்பாக, யோசிக்க 45 நாட்களும், கையெழுத்திட்ட பின் திரும்பப் பெற 7 நாட்களும் சட்டம் தருகிறது. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், மூடுவதற்கு 60 நாட்களுக்கு முன் எழுத்துமூல அறிவிப்பும் பொதுவாகத் தர வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்; மகனின் கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் அதன் நகலைக் கொடுத்து, குடும்ப வருமானம் குறைந்திருப்பதைக் கணக்கில் கொண்டு உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யும்படி இந்தப் பருவத்திலேயே கேட்கலாம்.